விட்ட இரும்பே பிடிக்கும்

வங்கதேசத்துக் கிராமங்களில் பல அடிபம்புகளின் வாயில் சிவப்புச் சாயம் பூசினார்கள். இதில் ஆர்சனிக் இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று பொருள். ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. வருடக்கணக்கில் குடித்தால் உள்ளங்கையும் பாதமும் தடித்துக் காய்த்துவிடும். தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரலாம். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்கத்தான் 1970களில் இந்தக் குழாய்க்கிணறுகளைப் பரவலாகப் போட்டார்கள் என்பது பெருந்துயரம்.

இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்க, இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தே நீரில் கலந்தன.

மேலே எடுத்த நீரில் காற்றுப் பட்டதும் இரும்பு மறுபடி துருவாகிறது. ஆனால் ஆர்சனிக்கில் ஒரு பகுதியைத்தான் அது பிடிக்கிறது. நிலத்தடி நீரில் பெரும்பாலும் இருப்பது ‘ஆர்சனிக் மூன்று’. அதற்கு மின்சுமை இல்லாததால் துருவில் எளிதில் ஒட்டாது. அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்தால் ‘ஆர்சனிக் ஐந்து’ ஆகும். எதிர்மின்சுமை கொண்ட அது துருவில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். காற்றை மட்டும் நம்பினால் இந்த மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும்.

வேகப்படுத்த வெயிலும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் போதும் என்று 2001இல் காட்டினார்கள் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் ஹுக்கும் அவரது குழுவினரும். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கிலிருந்து எட்டுச் சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் வெயிலில் வைக்க வேண்டும். சாற்றின் சிட்ரேட் இரும்போடு இணைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இணைப்பை உடைக்கும்போது, அடுத்தடுத்த வினைகளில் கரைந்த ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அது இரும்போடு வினைபுரிந்து, எலக்ட்ரானைப் பறிக்கும் வீரியமுள்ள பொருள்களைத் தருகிறது. ஆய்வகச் சோதனையில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆர்சனிக் மூன்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஐந்தாகிவிட்டது. பிறகு பாட்டிலை இரவு முழுக்க நிமிர்த்தி வைத்தால், ஆர்சனிக்கைப் பிடித்த செந்துரு அடியில் தங்கும். மேல்நீரைக் கலங்காமல் வடித்துக்கொள்ளலாம்.

வங்கதேசக் கிணற்று நீரில் செய்த முதல் சோதனைகளில் 45 முதல் 78 சதவீதம் வரை ஆர்சனிக் நீங்கியது, சராசரி 67. லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் இருந்தால் இதன்படி ஏறத்தாழ 100 மிஞ்சும். அந்நாட்டின் வரம்பு 50, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. ஆகவே எல்லாக் கிணற்றுக்கும் இது மருந்தாகாது. இரும்பு குறைந்த நீரில் ஆர்சனிக்கைப் பிடிக்கத் துரு போதாது. பாஸ்பேட் மிகுந்த நீரில், துருவில் ஆர்சனிக் ஒட்ட வேண்டிய இடத்தை பாஸ்பேட்டே பிடித்துக்கொள்ளும். ஒரு கிணற்றில் இந்த வழி பலிக்குமா என்று அறிய, ஆர்சனிக்கோடு இரும்பையும் பாஸ்பேட்டையும் அளந்து பார்க்க வேண்டும்.