நடுங்கும் கையும் உறங்காத இரவும்

பெங்களூரின் தென்புறத்தில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்த தொழிற்பேட்டை பொம்மசந்திரா. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மஞ்சள் தட மெட்ரோ ரயில் அவ்விடம் வரை ஓடத் தொடங்கியது. நம் மாநில எல்லையிலிருந்து தொலைவில்லாத அவ்வூரில் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்வாரும் உளர். தேநீர்க் குவளையை எடுக்கையில் தந்தையின் கை நடுங்கினால், ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். அவர் இரவில் உறங்காவிட்டால், ‘புதிய இடம்’ என்கிறோம். இவ்விரண்டும் ஒரே இடத்திலிருந்து எழக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கை நடுக்கம் ஒரே நோய் அன்று. பொருளை எடுக்கும்போதும் எழுதும்போதும் நடுங்கி, மடியில் வைத்தால் அடங்குவது ஒரு வகை. மருத்துவர் இதனை ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்பர். அகராதியை நம்பி ‘இன்றியமையாத நடுக்கம்’ என்று பெயர்த்தால் நகைப்புக்கே இடமாகும். வேறொரு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றுவது என்பதே மருத்துவர் கொள்ளும் பொருள். ஆதலின் தன்னியல் நடுக்கம் என்போம். இது குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. மற்றொரு வகையில், கை ஓய்ந்திருக்கும்போதே நடுக்கம் தோன்றும், நடை தளரும், கையெழுத்துச் சிறுத்துப்போகும். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த நோய் இது. உறக்கம் கெடுவதையும் அவர் தம் நூலிலேயே குறித்திருக்கிறார்.

பகலெல்லாம் கையை ஆட்டிய நடுக்கம் உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அவ்வாறாயின் இவர்கள் நன்றாக உறங்க வேண்டும் அல்லவா? உண்மை அதுவன்று. பார்க்கின்சன் நோயாளரிற் பெரும்பாலோர்க்கு உறக்கக் குறை உண்டு. தன்னியல் நடுக்கமுடையோர் அவர்களுக்கும் நலமுடையோர்க்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளனர் என்று ஆய்வுகள் கூறுகின்றன. சிலருக்கு மருந்தே காரணமாகலாம். நடுக்கத்தைத் தணிக்கத் தரும் ப்ரொப்ரனலால் சிலருக்குத் தீக்கனவுகளைத் தருவதுண்டு. அதற்காக மருத்துவரைக் கேளாமல் அம்மருந்தை நிறுத்துவது ஆபத்தாகும்.

மற்றொரு காரணம் மூளைத்தண்டில் இருக்கலாம். நாம் கனாக் காணும்போது, மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதி உடலின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடினாலும் கால் அசையாதிருப்பது அதனாலேயே. அக்காவல் பழுதுபட்டால் மனிதர் கனவை நடித்துக்காட்டுவர். கத்துவர், உதைப்பர், கட்டிலினின்று விழுவர். இக்கோளாற்றை 1986இல் அமெரிக்க நாட்டு மினசோட்டா மருத்துவர்கள் தனியாக இனங்கண்டனர். பல நாடுகளில் இத்தகையோரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்குப் பார்க்கின்சன் நோயோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறு நோயோ வெளிப்பட்டது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இரவு அறிவித்துவிடுகிறது!

இவ்விடத்தைக் கண்ணால் காண முடியுமா? எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக் கருவி ஓரளவு காட்டுகிறது. மூளைத்தண்டில் ‘நீலப்புள்ளி’ என்று பொருள்படும் இலத்தீன் பெயருடைய ஒரு நரம்புத் திரளும், ‘கரும்பொருள்’ எனப்படும் மற்றொன்றும் நிறமி கொண்டவை. தனி முறையில் எடுத்த படங்களில் அந்நிறமி ஒளிர்கிறது. கனவை நடிக்கும் பார்க்கின்சன் நோயாளர்க்கு நீலப்புள்ளியைச் சார்ந்த பகுதியில் அவ்வொளி குறைந்திருப்பதை 2013இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

அதே ஓசூர்ச் சாலையில், நகரை நோக்கிச் சென்றால் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாக அமைக்கப்பெற்றது, 1974இல் இப்பெயர் பெற்றது. பார்க்கின்சன் நோயாளரின் கரும்பொருளை மேற்கூறிய நிறமிப் படமுறையால் ஆராய்ந்து அதன் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டனர். தன்னியல் நடுக்கத்தில் சிறுமூளையை மூளைத்தண்டோடு பிணைக்கும் நரம்புப் பாலங்கள் மெலிந்திருப்பதை 2019இல் தெரிவித்தனர். கையின் அசைவைச் சீராக்கும் பாதைகள் மூளைத்தண்டில், உறக்கத்தை ஆளும் பகுதிகளுக்கு அண்டையிலேயே செல்கின்றன.

ஒன்றை மறைத்தல் ஆகாது. இவ்வேறுபாடுகள் பலருடைய படங்களைக் கணக்கிட்டு ஒப்பிடும்போதே பெரும்பாலும் புலனாகும். தனியொருவரின் சாதாரணப் படத்தில் ஒன்றும் தென்படாமற் போகலாம். ‘படத்தில் குறையில்லை’ என்ற சீட்டோடு வீடு திரும்பிய முதியவரை, ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் அடக்குவதை நாமே கண்டதுண்டு. மிகப் பெரிய அநீதி அது. அவருடைய உறக்கமின்மை படத்திற்கு அகப்படவில்லை, அவ்வளவே.

ஆகவே மருத்துவர் முதலில் நாடுவது படத்தை அன்று, சொல்லை. நம்மவர்க்குத் தடை நேர்வதும் அங்கேதான். கன்னடத்திலோ இந்தியிலோ கேட்கும் மருத்துவரிடம், ‘தூக்கம் இல்லை’ என்ற ஒரே சொற்றொடரால் விடை கூறிவிடுகிறோம். படுத்தும் உறக்கம் வராமை வேறு. நடு இரவில் விழித்துக்கொள்ளல் வேறு. பகலில் கண் சொருகுதல் வேறு. உறக்கத்தில் கத்தி உதைத்தல் முற்றிலும் வேறு. கடைசியாகச் சொன்னதை நோயாளி தாமே அறியார். அருகில் படுப்பவரே அறிவார். தாயாரோ பேரனோ, அந்த அறையில் உறங்குபவர் உடன் செல்ல வேண்டும். ஒரு வார காலம், எந்த இரவில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அன்று எம்மருந்து எப்போது உட்கொள்ளப்பட்டது என்பதைத் தமிழிலேயே ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், அதைப் பெயர்த்துச் சொல்ல அங்கே தமிழறிந்த ஒருவர் கிடைப்பது அரிதன்று.