நீலப்பறவைக்குச் சிவப்புச் சட்டை

பந்தை உதைக்கும் காலுக்கு வலிமை வேண்டும். ஓடுகின்ற நெஞ்சுக்கு மூச்சு வேண்டும். இவற்றை யாவரும் ஒப்புவர். ஆனால் அந்த நெஞ்சை மூடியிருக்கும் சட்டை நீலமாயிருந்தால் என்ன, சிவப்பாயிருந்தால் என்ன என்று ஒருவர் கேட்பாராயின், அவருக்கு விடை சொல்லத்தக்க ஊர் ஒன்று உண்டு. அது வேல்ஸ் நாட்டின் தலைநகராகிய கார்டிவ். அவ்வூரின் உதைபந்தாட்டக் கழகம் நூறு ஆண்டுக்கு மேலாக நீலச் சட்டை அணிந்து வந்தது. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இனிச் சிவப்பே கழகத்தின் நிறம் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுகளின் பின்னர் அவ்வறிவிப்பு மீளப் பெறப்பட்டது. இடையில் நடந்தது வெறும் தையற்காரர் விவகாரம் அன்று.

கழகத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் அங்கே நீலத்தின் சாயலே இல்லை. 1899ஆம் ஆண்டில் றிவர்சைட் என்னும் கிரிக்கெட் கழகத்தார், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் கலைந்து போகாதிருக்க வேண்டுமெனக் கருதி ஓர் உதைபந்தாட்டக் குழுவை அமைத்தனர். கல்லச்சுச் சித்திர வேலையைத் தொழிலாகக் கொண்ட பார்ட்லி வில்சன் என்பவர் இதற்கு முன்னின்றார். அக்குழுவினர் அணிந்தது சொக்கலேற் நிறமும் பொன் மஞ்சளும் கலந்த சட்டை. 1905இல் கார்டிவ் நகரம் மாநகராக உயர்த்தப்பட்டபோது, அப்பெயரைத் தாமும் சூடிக்கொள்ளக் கழகத்தார் விண்ணப்பித்தனர். தகுதி போதாதென்று முதலில் மறுக்கப்பட்டு, 1908இலேயே அனுமதி கிடைத்தது. அக்காலத்தை ஒட்டியே நீலமும் வந்து சேர்ந்தது.

1911ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு எழுத்தாளர் மோரிஸ் மேற்றர்லிங்கின் ‘நீலப்பறவை’ என்னும் நாடகம் கார்டிவ் அரங்கொன்றில் நடிக்கப்பட்டது. இன்பத்தைத் தேடிப் புறப்படும் இரு பிள்ளைகளின் கதை அது. நீலப்பறவையே அந்த இன்பத்தின் வடிவம். அவ்வாண்டிலேயே மேற்றர்லிங்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாடகம் பார்த்துத் திரும்பிய ஊரார், நீலச் சட்டையோடு ஓடும் தங்கள் ஆட்டக்காரரை ‘நீலப்பறவைகள்’ என்று அழைக்கத் தலைப்பட்டனர் என்பர். உதைபந்தாட்டக் கழகமொன்றுக்கு இலக்கியம் பெயரிட்ட வரலாறு மிக அரிது.

பெயர் வந்த பதினாறாம் ஆண்டில் புகழும் வந்தது. 1927 ஏப்ரல் 23ஆம் திகதி இலண்டன் வெம்பிளி அரங்கில், எப். ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் கார்டிவ் ஆர்செனலை எதிர்த்தது. நேரிற் கண்டோர் 90,000 பேருக்கு மேல். இறுதியாட்டமொன்றை வானொலி முதன்முதலாக ஒலிபரப்பியதும் அன்றுதான். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் ஹியூயி பேர்குசன் உதைத்த பந்து, ஆர்செனல் பந்துக்காப்பாளர் டான் லூயிஸின் கையிலிருந்து வழுவி உள்ளே சென்றது. பாவம், லூயிசும் வேல்ஸ் நாட்டவரே! புதுச் சட்டையின் வழுவழுப்பே இதற்குக் காரணம் என்றும், அன்றுதொட்டு ஆர்செனலில் பந்துக்காப்பாளரின் புதுச் சட்டையைத் தோய்த்த பின்னரே அணிவிப்பர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அக்கிண்ணம் இங்கிலாந்தின் எல்லைக்கு வெளியே சென்றது அந்த ஒரு முறைதான். அன்று வென்றது நீலம், தோற்றது சிவப்பு. இதனைக் கார்டிவ் மக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அப்பேரப்பிள்ளைகள் முதியோராகித் தங்கள் பேரருக்குச் சொன்னார்கள்.

ஆனால் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1962இல் முதற் பிரிவிலிருந்து இறங்கிய கழகம் அதன்பின் ஐம்பது ஆண்டுகளாக அங்கே மீள முடியாமற் கீழ்ப்பிரிவுகளிலேயே உழன்றது. கடனும் கழுத்தை நெரித்தது. இந்நிலையில் 2010ஆம் ஆண்டு மலேசிய நாட்டுப் பெருவணிகரான வின்சென்ட் டான் கழகத்தைத் தம் பொறுப்பில் எடுத்தார். அவர் பணம் வந்திராவிடிற் கழகம் என்னவாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. இதை மறைத்துவிட்டு அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது.

2012 மே மாதத்தில், சட்டையைச் சிவப்பாக்கி மார்பிலே பெரியதொரு செந்நிற யாளியைப் பொறிக்கும் திட்டம் வெளியே கசிந்தது. எதிர்ப்பைக் கண்டு அது கைவிடப்பட்டதாகக் கூறப்பட்டது. ஒரு மாதம் செல்லுமுன் அதே திட்டம் உறுதியாக அறிவிக்கப்பட்டது. சிவப்பு ஆசிய மக்களுக்கு நற்பேறு தரும் நிறம்; யாளி அவர்கள் மனத்தைக் கவரும் சின்னம்; இவற்றாற் கழகத்தின் பெயர் உலகச் சந்தையில் விலைபோகும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். கூடவே கடன் தீர்ப்பதற்கும், பயிற்சிக் களம் அமைப்பதற்கும், அரங்கை விரிப்பதற்கும் பணம் தரப்படும் என்ற வாக்குறுதியும் வந்தது. புதிய இலச்சினையில் யாளி நடுவே பேருருவாக நின்றது. நீலப்பறவை அதன் கீழே சிட்டுக்குருவியளவாகச் சிறுத்துப் போயிற்று.

ஆதரவாளர் இரண்டுபட்டனர். “கடனில் மூழ்கி மறைவதைவிடச் சிவப்பு அணிந்தாவது வாழட்டும்” என்றனர் ஒருசாரார். “நாம் நேசித்த கழகம் மறைந்த பிறகு வாழப்போவது எது?” என்றனர் மறுசாரார். பல ஆண்டுகளாக ஒரே வரிசையில் அமர்ந்து ஆட்டம் பார்த்தவர்களுக்குள்ளும் தந்தையர் மைந்தருக்குள்ளும் இவ்வழக்கு நுழைந்தது. அரங்குக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாரும் உளர்.

இதில் வெளியார் பலர் விளங்கிக்கொள்ளாத ஒன்று உண்டு. வேல்ஸ் தேசத்தின் நிறமே சிவப்பு. அதன் கொடியில் நிற்பதும் செந்நிற யாளியே. தேசிய அணி ஆடும் நாளில் இதே கார்டிவ் மக்கள் சிவப்பு உடுத்து ஆர்ப்பரிப்பார்கள். ஆகவே அவர்கள் வெறுத்தது சிவப்பை அன்று. தங்களைக் கேளாமல், தங்கள் மேனியிலிருந்து ஒரு சட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டியதையே அவர்கள் பொறுக்கவில்லை.

“நூறு ஆண்டுப் பழமை ஒரு பழமையா? அந்த நிறமும் யாரோ ஒருநாள் தெரிந்தெடுத்ததுதானே?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கழகங்களின் நிறங்கள் பெரும்பாலும் தற்செயலாகவும் இரவலாகவும் வந்தவை. வெம்பிளியில் கார்டிவிடம் தோற்ற ஆர்செனலின் சிவப்பையே எடுத்துக்கொள்வோம். 1886இல் ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்கள் அக்கழகத்தைத் தொடங்கியபோது சட்டை வாங்கக் கையிற் பணமில்லை. அவர்களுட் சிலர் நொட்டிங்ஹம் பொறெஸ்ட் கழகத்தில் முன்னர் ஆடியவர்கள். அங்கே கடிதம் எழுத, ஒரு கட்டுச் சிவப்புச் சட்டையும் ஒரு பந்தும் வந்து சேர்ந்தன. அந்தப் பொறெஸ்ட் கழகம் 1865இற் சிவப்பைக் கொண்டதோ, இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் செஞ்சட்டைப் படையின்மீது வைத்த மதிப்பினால்.

அதே நொட்டிங்ஹம் நகரம் இத்தாலிக்கும் சட்டை கொடுத்தது. தூரின் நகர மாணவர்கள் 1897இல் ஆரம்பித்த யுவென்டஸ் கழகம் முதலில் இளஞ்சிவப்பு அணிந்தது. தோய்க்கத் தோய்க்க நிறம் வெளிறவே, கழகத்திலிருந்த ஜோன் சவேஜ் என்னும் ஆங்கிலேயர் மூலம் தாயகத்திலிருந்து புதுச் சட்டைகள் வரவழைக்கப்பட்டன. 1903இல் வந்தவை நொட்ஸ் கவுண்டி என்ற பழங் கழகத்தின் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைகள். யுவென்டஸ் அவற்றையே தனதாக்கிக்கொண்டது. நன்றியையும் மறக்கவில்லை: 2011இல் தன் புதிய அரங்கைத் திறந்தபோது, உலகப் பெருங் கழகங்களை அழையாமல், கீழ்ப்பிரிவிலிருந்த நொட்ஸ் கவுண்டியையே முதலாட்டத்துக்கு அழைத்தது. ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று சமமாக முடிந்தது.

பிரேசிலின் மஞ்சள் தோல்வியிற் பிறந்தது. 1950இல் மரக்கானா அரங்கில் உருகுவேயிடம் உலகக் கிண்ணத்தைப் பறிகொடுத்த நாளில் பிரேசிலியர் அணிந்திருந்தது வெள்ளை. நெஞ்சில் ஆறாத அந்த வெள்ளையைக் களைந்து, தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் அமைந்த சட்டையை வரைந்தனுப்புமாறு 1953இல் ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. வென்றவர் அல்டிர் கார்சியா ஷ்லீ என்னும் இளைஞர். உருகுவே எல்லையோரத்தில் வளர்ந்த அவர் பிற்காலத்தில் எழுத்தாளராக விளங்கினார். உருகுவே அணியிடமே தம் மனம் சாய்ந்ததென்று அவர் சொல்லிச் சிரித்ததுண்டு. 

ஆகவே நிறம் வந்த வழியிற் புனிதம் ஒன்றுமில்லை. மாற்றவே கூடாதென்பதும் இல்லை. லீட்ஸ் யுனைட்டெட் கழகத்தின் முகாமையாளர் டொன் றெவி 1961இல் நீலத்தையும் பொன்மஞ்சளையும் நீக்கி, ஸ்பெயினின் ரியல் மட்ரிட்டைப்போல் முழு வெள்ளையை உடுத்தினார். லிவர்பூலின் பில் ஷாங்லி 1964 நவம்பரில் பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் அணியை எதிர்த்தபோது, வெள்ளைக் காற்சட்டையையும் மாற்றித் தலைமுதல் அடிவரை சிவப்பாக்கினார். இவர்களை ஊரார் தூற்றவில்லை, போற்றினர். ஏன்? அவர்கள் நிறத்தை மாற்றியது களத்தில் நிற்பவன் தன்னைப் பெரியவனாக எண்ண வேண்டும் என்பதற்காக. கார்டிவில் மாற்றியது கடையில் வாங்குபவனுக்காக. முன்னையது வீட்டார் தம் வீட்டுக்குத் தாமே வெள்ளையடித்தது போன்றது. பின்னையது அயலான் வந்து வாசலைத் திருப்பி வைத்தது போன்றது. இந்த வேறுபாட்டை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

இனிக் கார்டிவின் கதைக்கு மீள்வோம். விந்தை என்னவெனில், சிவப்பு அணிந்த முதலாண்டிலேயே கழகம் வென்றது! 2013 ஏப்ரல் 16ஆம் திகதி சார்ள்டன் அணியோடு கோல் எதுவுமின்றிச் சமநிலை கண்டபோது, ஐம்பத்தோராண்டுக் காத்திருப்பு முடிந்து மேற்பிரிவுக்கு ஏறுவது உறுதியாயிற்று. பாட்டன் கண்ட காட்சியைப் பேரன் கண்டான். உடுத்திருந்த நிறம் மட்டும் வேறு. நற்பேறு தரும் நிறம் என்று உரிமையாளர் சொன்னது பலித்துவிட்டதே, இனி எதிர்ப்பு ஓய்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். ஓயவில்லை. களத்திற் சிவப்புச் சட்டைகள் ஓட, இருக்கைகளிலிருந்தோர் நீலச் சால்வைகளையே உயர்த்திப் பிடித்தனர். வெற்றியைக் கொடுத்து நினைவை வாங்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சோதனை வாய்த்திராது.

பிரிமியர் லீக்கில் ஓராண்டே தங்க முடிந்தது. முகாமையாளர் மல்கி மக்கே 2013 டிசம்பரில் நீக்கப்பட்டார். 2014 மே மாதத்தில் இருபது கழகங்களுள் இருபதாவதாய்க் கார்டிவ் கீழிறங்கியது. அரங்கில் ஆளும் குறைந்தது. ஈற்றில் 2015 ஜனவரி 9ஆம் திகதி, கழகம் நீலத்துக்கே திரும்புகிறதென்ற அறிவிப்பு வெளியாயிற்று. பௌத்த சமயப் பற்றுமிக்க தம் அன்னையார் ஒற்றுமையையும் மகிழ்ச்சியையும் பற்றித் தமக்கு எடுத்துரைத்தார் என்று டான் அதிற் குறிப்பிட்டிருந்தார். ஆயிரமாயிரம் ஆதரவாளரின் குரலோடு ஒரு தாயின் சொல்லும் சேர்ந்தது போலும். மறுநாளே புல்ஹம் அணிக்கு எதிராக நீலச் சட்டைகள் களமிறங்கி, ஒரு கோலினால் வென்றன. பின்னர் அமைந்த இலச்சினையில் நீலப்பறவை மீண்டும் நடுவே சிறகு விரித்தது. அதன் அடியிலே கீழைத்தேயச் சாயலுள்ள சிறிய யாளியொன்று உரிமையாளரின் நினைவாக ஒதுங்கிக்கொண்டது. 2018இற் கழகம் மறுபடியும் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. அப்போது உடுத்திருந்தது நீலம்.

எல்லா ஊருக்கும் இவ்வாறு வாய்ப்பதில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில், 1933இல் தோன்றிய கழகத்தை 2005இல் ‘ரெட் புல்’ என்ற பான நிறுவனம் வாங்கி, அதன் ஊதா நிறத்தை அடியோடு நீக்கிச் சிவப்பும் வெள்ளையுமாக்கியது. புதிய கழகம் வெற்றிமேல் வெற்றி குவித்தது. ஊதாவை விட மனமில்லாதவர்களோ வெளியேறி, பழைய பெயரில் வேறொரு கழகத்தைத் தொடங்கி, மிகக் கீழான பிரிவிலிருந்து ஏறி 2015இல் இரண்டாம் பிரிவை எட்டினர்.

கார்டிவின் வழக்கு பிரித்தானியப் பாராளுமன்றத்தினர் கவனத்தையும் எட்டாமற் போகவில்லை. 2025 ஜூலை மாதத்தில் நிறைவேறிய உதைபந்தாட்ட நிருவாகச் சட்டம், கழகமொன்று தன் இலச்சினையையோ சொந்த அரங்கில் அணியும் சட்டையின் முதன்மை நிறத்தையோ மாற்ற விரும்பின், ஆதரவாளருட் பெரும்பான்மையோர் அதற்கு இணங்குகின்றனரா என்று முதலில் அறிய வேண்டும் என விதிக்கிறது. எந்த ஆதரவாளர் என்பதையும் சட்டம் சொல்லாமல் விடவில்லை: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் ஆதரவாளர். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துச் சட்டை வாங்கும் கடல்கடந்த அபிமானிக்கு அவ்வாக்கெடுப்பில் இடமில்லை.