பயன் அறியாத கல்வி வீணாகுமா?

பயன் தராத கல்வியை விட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடியுள்ளார்கள். இதனை எடுத்துக்காட்டி அன்பர் ஒருவர் வினவினார்: "பசித்தோர் பலர் இருக்க, இன்ன பயன் விளையும் என்று கூற இயலாத ஆராய்ச்சிகளுக்குப் பொருளைச் செலவிடுவது வீண் விரயமன்றோ?"

நியாயமான வினாவே. எனினும், பயனில்லாத கல்வி வேறு. பயன் இன்னும் வெளிப்படாத கல்வி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது பிழையாகும்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் பல உள்ளன. 1966ஆம் ஆண்டில் தாமஸ் பிராக் என்னும் விஞ்ஞானியும், அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அவ்வூற்றுகளில் உயிர்கள் வாழ்கின்றனவா என்று ஆராய்ந்தனர். அரசின் விஞ்ஞான நிதி அதற்கு உதவியது. ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்திலும் செழித்து வளரும் நுண்ணுயிர் ஒன்றை அவர்கள் கண்டெடுத்து, 1969இல் உலகுக்கு அறிவித்தனர். 'இதனால் யாது பயன்?' என்று அன்று எவரேனும் கேட்டிருப்பின், அவர்களிடம் விடை இருந்திராது.

1983இல் காரி முல்லிஸ் என்பார், டி.என்.ஏ.யின் சிறு துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அச்சூட்டில், பயன்படுத்திய நொதி அழிந்துவிடும். மீண்டும் மீண்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும். வெந்நீர் ஊற்றின் அந்த நுண்ணுயிரிலிருந்து பெற்ற நொதியோ சூட்டைத் தாங்கி நின்றது. 2020இல் கொரோனா நோய் உலகை உலுக்கியபோது, மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் செய்யப்பட்ட பி.சி.ஆர். பரிசோதனை இம்முறையிலிருந்து வளர்ந்ததே!

வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்போர், இவை வீணுக்காகப் படைக்கப்படவில்லை என உணர்ந்து இறைவனைத் துதிப்பதைத் திருமறை (3:191) எடுத்துரைக்கிறது. கொதிநீரில் வாழும் அற்ப உயிரும் அவன் படைப்பன்றோ? அதன் பயனை அவன் அறிவான்; நாம் தேடியன்றி அறியோம்.

நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். 1259இல் நஸீருத்தீன் தூஸி அவர்கள் மராகாவில் தொடங்கிய வானாய்வுக் கூடத்துக்கு வக்ஃபு வருவாய் துணை நின்றது. வக்ஃபு என்பது பள்ளிவாசலுக்கும் கபரஸ்தானுக்கும் மட்டும் உரியதன்று.

ஏழையின் உரிமையைப் பறித்து ஆராய்ச்சிக்குக் கொடுக்குமாறு யாம் கூறவில்லை. ஸகாத்துக்கு உரியோர் எண்வகையினர் என்று திருமறை (9:60) வரையறுத்துவிட்டது. அதில் எவரும் கைவைத்தல் ஆகாது. ஆனால், அதற்கு மேலும் வசதி பெற்றோர் பலர் உள்ளனர். ஆடம்பர விருந்துகளில் அவர்கள் இறைக்கும் பொருளே உண்மையான வீண் விரயம். விதைத்த விதையெல்லாம் முளைப்பதில்லை என்பதால் உழவன் விதைக்காமல் இருப்பதில்லை.

மனிதன் மரணித்த பின்னரும் நன்மை சேர்ப்பனவற்றுள் பயனளிக்கும் கல்வியும் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அப்பயன் நாம் மண்ணறை புகுந்த பின் வெளிப்படினும் கூலி வீணாகாது. அத்தகு கல்விக்கு வாரி வழங்கும் நெஞ்சத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.