அன்பு வேறு, மறைப்பு வேறு

சம்பள நாள் என்றால் வீட்டில் மகிழ்ச்சி பொங்க வேண்டும். ஆனால் சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் எத்தனையோ லயக் காம்பராக்களில் அன்று மாலை அச்சமே குடிபுகுகின்றது. அடுப்பருகே சோறு ஆறிக் கிடக்கும். பிள்ளைகள் படியில் காத்திருப்பர். தாயின் செவியோ பாதையில் வரும் காலடியோசை தள்ளாடுகிறதா என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும். இரத்தினபுரியாயினும் கேகாலையாயினும் காட்சி ஒன்றே.

குடி குடியைக் கெடுக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் நம் வீட்டிலேயே ஒருவர் அதற்கு அடிமையாகிவிட்டால் நாம் செய்யத்தக்கது யாது? அதனையே இங்கு எண்ணிப் பார்ப்போம்.

நெடுநாட் குடி வெறும் தீயொழுக்கமன்று. மூளையையும் உடலையும் பற்றும் நோய் என்பது மருத்துவர் முடிபு. ஆகவே வசையும் சாபமும் அதற்கு மருந்தாகா. குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றதென்று வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்திற் கூறினார். இரவில் வாதாட வேண்டாம். வெறி தெளிந்த வேளையில், பிள்ளைகள் அருகில் இல்லாதபோது, நடந்ததை நடந்தபடி அமைதியாக எடுத்துரைப்போம்.

அடுத்தது, மறைத்தல். காலைப் பெரட்டுக்கு அவர் எழுவதில்லை. "அவருக்குக் காய்ச்சல்" என்று மனைவி கங்காணியிடம் பொய்யுரைக்கிறாள். கடைக்கடனைத் தன் கொழுந்துச் சம்பளத்தில் அடைக்கிறாள். அன்பினாற் செய்வதுதான்; எனினும் குடியின் விளைவு குடித்தவரின் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. அவருக்குச் சோறிடுவது அன்பு. அவருக்காகப் பொய்யுரைப்பது குடிக்கு இடும் முட்டுக்கட்டையன்று, முண்டுகோல்.

இன்னொன்றை மறத்தலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி அறையில் அடைத்து வைப்பது ஆபத்தானது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, இல்லாதவற்றைக் காணுதல், வலிப்பு முதலியன தோன்றலாம். உயிருக்கும் கேடு வரலாம். இதைப் பேய்பிடித்ததென்று எண்ணிக் காலம் தாழ்த்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. அங்கு சிகிச்சை இலவசம். 1984-இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

சென்னையில் ஒரு பெண்மணியின் வரலாறு நமக்குப் பாடமாகிறது. குடிநோயால் கணவரை இளவயதிலேயே இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-ஆம் ஆண்டில், கணவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் ஆலோசனை தரப்படுகிறது. ஏனெனில் ஒருவர் குடிக்க, வீடு முழுவதும் நோயுறுகிறது. அம்மையாருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் துயரைப் பிறருக்கு வழியாக்கியவரை நாடு மதித்தது.

பொறுமைக்கும் எல்லை உண்டு. கை நீளுமாயின் பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடம் சேர்வதே முதற்கடமை. அது கைவிடுதல் ஆகாது. குடும்ப வன்முறையைத் தடுக்க 2005-ஆம் ஆண்டின் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது.

மாணவச் செல்வங்களே, தந்தையின் குடிக்கு நீங்கள் காரணமல்லீர். அதை எண்ணி வெட்கப்படவும் வேண்டா. நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ உறவினரிடமோ மனந்திறந்து கூறுங்கள்.

திருந்தியவர் மீண்டும் ஒருநாள் தவறக்கூடும். அன்றோடு எல்லாம் பாழாயிற்று என்று சோர வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் திரும்புவோம். குடியை விட வேண்டியவர் அவர்தாம். அந்தப் பாதையில் அவர் தனித்து நடவாதபடி பார்த்துக்கொள்வது நம் பங்கு.