கிரீன் பேயின் ஆறாவது இடம்

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் 32 அணிகள். ஒவ்வோர் அணியும் கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு 90 பேரை அழைக்கும். ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். லீக் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மூட்டை கட்டும் நாள் அது. இதில் யாரைக் கழிப்பது மிகக் கடினம் என்று கேட்டால் வைட் ரிசீவர்களை என்பேன். மைதானத்தின் ஓரத்தில் விலகி நின்று, ஆட்டம் தொடங்கியதும் எதிராளியை ஏமாற்றி ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர்கள் அவர்கள். முகாமுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மிஞ்சுவது ஐந்து அல்லது ஆறு. முதல் மூவர் யார் என்பதில் பெரிய சண்டை இருக்காது. வழக்கு நான்காம் ஆளில் ஆரம்பித்து ஆறாம் ஆளில் முற்றும்.

இந்த முடிவு எடுக்கப்படும் விதம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி பொருத்தமானது. 1919இல் தொடங்கிய அணி. ஊரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர்க்காரர்களும் ரசிகர்களும்தான் பங்குதாரர்கள். முகாம் நாட்களில் வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிள்களை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போவது அங்கே பழைய வழக்கம். ஒரு ரிசீவரை அனுப்பிவிட்டால், சைக்கிள் கொடுத்த பிள்ளையின் வீட்டிலும் அன்று அதுதான் பேச்சு.

1935இல் டான் ஹட்சன் அலபாமாவிலிருந்து வந்து சேர்ந்தபோது ஓர் அணிக்கு 24 பேர்தான் அனுமதி. அணியை நிறுவிய கர்லி லேம்போவே பயிற்சியாளர். ஆளை எடுப்பதும் அனுப்புவதும் அவர் வாய்ச்சொல்தான். ஆட்டத்தின் நடுவே நினைத்தபடி ஆள் மாற்ற அன்றைய விதிகள் இடம் தரவில்லை. பந்து தம் அணியிடம் இருக்கும்போது ஓடிப் பிடித்தவரே, அது எதிரணிக்குப் போனதும் அங்கேயே நின்று தடுக்க வேண்டும். ஹட்சன் 1942இல் 74 பந்துகளைப் பிடித்து 1,211 கெஜம் சேர்த்தார். ஒரு பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய முதல் ரிசீவர் அவர்தான். அதே ஹட்சன் தற்காப்பில் நின்று எதிரணி எறிந்த பந்துகளைப் பறித்தார். பந்தை உதைத்தும் புள்ளிகள் சேர்த்தார். 1945இல் ஓய்வுபெறும்போது பந்தைப் பிடித்து எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து அவர் எடுத்திருந்த டச் டவுன்கள் 99. அந்த எண்ணிக்கையைத் தாண்ட 1989இல் ஸ்டீவ் லார்ஜென்ட் வர வேண்டியிருந்தது. இத்தனை திறமையுள்ளவரே இத்தனை வேலை செய்த அணியில், பிடிக்க மட்டுமே தெரிந்த ஒருவருக்கு என்ன இடம் இருந்திருக்கும்? லேம்போ பார்த்தது ஆளின் முழு உடம்பையும் உழைப்பையும். ரிசீவர் என்ற தனித்தொழிலே அப்போது பாதிதான் பிறந்திருந்தது.

வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த 1960களில் பட்டியல் 40 பேராக வளர்ந்துவிட்டது. தாக்குபவர் வேறு, தடுப்பவர் வேறு என்று வேலையும் பிரிந்தாகிவிட்டது. ஆனால் களத்தில் ஒரே நேரத்தில் நிற்கும் வைட் ரிசீவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான். நாலைந்து பேர் கையில் இருந்தால் போதும். அவர்களும் வேறொரு வேலை தெரிந்தவர்களாக இருப்பது நல்லது. பாய்ட் டௌலரும் மேக்ஸ் மெக்கீயும் ரிசீவர்கள். இருவருமே அணிக்காகப் பன்ட் உதைத்தவர்கள், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பியவர்கள்.

மெக்கீயின் கதையை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. 1954இல் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். 1966 பருவம் வந்தபோது வயது 34, முதல் வரிசையில் இடமில்லை. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து அவர் பிடித்த பந்துகள் நான்கு. இன்றைய அணி ஒன்றின் கணக்கில் இப்படிப்பட்டவரின் பெயர் மறு பருவத்தின் தொடக்கம்வரை கூட நிற்காது. லொம்பார்டி வைத்திருந்தார். 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக முதல் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம். தொடக்கத்திலேயே டௌலருக்குத் தோளில் அடி. உள்ளே போன மெக்கீ, தனக்குப் பின்னால் வந்த பந்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்து ஓடி, சூப்பர் பௌல் வரலாற்றின் முதல் டச் டவுனை எடுத்தார். அன்று மொத்தம் 7 பந்துகள், 138 கெஜம், 2 டச் டவுன்கள். கிரீன் பே 35-10 என்று வென்றது. குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் எந்தப் பந்தை எங்கே எறிவார் என்பது பத்தாண்டுப் பழக்கத்தில் மெக்கீயின் கால்களுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் கொடுத்து வைப்பது வீணில்லை என்று நம்பிய காலம் அது.

அந்தப் பொறுமைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் வேறு அணிக்கு எளிதில் போக முடியாது. போனால், அவரை எடுத்த அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை லீக் தலைவர் தீர்மானிப்பார். எந்த அணி அந்த வம்பை விலைக்கு வாங்கும்? அதனால் அணிக்கு அவசரமில்லை. வீரர் காத்திருப்பார், காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. 1978இல் ஆட்டவிதி மாறியது. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவர்மேல் கைவைத்துத் தடுக்கக் கூடாது என்றானது. எறிந்து ஆடும் ஆட்டம் பெருகியது. இப்போது களத்தில் மூன்று ரிசீவர்கள் நிற்பதுதான் சாதாரணம். ஆகவே ஐந்து, ஆறு, சில வேளைகளில் ஏழு பேர்கூடப் பட்டியலில் தேவைப்படுகிறார்கள். மறுபக்கம் பணம். 1993இல் வீரர்களுக்கு அணி மாறும் சுதந்திரம் வந்தது. 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது, அணிக்கு 3.46 கோடி டாலர் என்று. 2025இல் அது 27.92 கோடி. “இவன் நல்ல ஆட்டக்காரனா?” என்ற பழைய கேள்வியோடு “எவ்வளவுக்கு, எத்தனை வருஷத்துக்கு?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

டொனால்ட் டிரைவர் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் வந்தவர். ஹூஸ்டனில் வீடில்லாமல் டிரக்கில் படுத்து வளர்ந்த பிள்ளை. சிறிய கல்லூரியான ஆல்கார்ன் ஸ்டேட்டில் உயரம் தாண்டுதலிலும் பெயர் எடுத்தவர். 1999 டிராஃப்டில் ஏழாவது சுற்றில், 213ஆவது ஆளாக, அணியின் பொது மேலாளர் ரான் வுல்ஃப் அவரை எடுத்தார். ஏழாவது சுற்றுதான் கடைசி. முதல் பருவத்தில் டிரைவர் பிடித்தவை 3 பந்துகள். அடுத்த பருவத்தில் 21. அதற்கடுத்து 13. மூன்று ஆண்டுகள் அவரை வைத்திருந்ததற்கு எண்கள் எந்த நியாயமும் சொல்லவில்லை. நான்காம் ஆண்டு, 2002இல், 70 பந்துகள், 1,064 கெஜம். 2012 வரை பதினான்கு பருவங்கள் அதே அணியில் ஆடி 10,137 கெஜத்தோடு விடைபெற்றார். அணியின் எல்லாக் காலத்துக்குமான முதலிடம் அது. அந்த மூன்று ஆகஸ்ட்களில் ஏதாவது ஒன்றில், அவரைவிடச் சற்றே வேகமான ஒருவருக்காக டிரைவரை அனுப்பியிருந்தால், அன்றைக்கு யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.

ஜோர்டி நெல்சன் விவகாரத்தில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. 2014இல் 1,519 கெஜம், அன்றைக்கு அணியின் சாதனை. 2015இல் முட்டி போய்ப் பருவம் முழுதும் வெளியே. 2016இல் திரும்பி வந்து 14 டச் டவுன்கள். 2018 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். கணக்கு சரிதான். வயது 32, வேகம் குறைந்திருந்தது, இளையவரான டெவான்டே ஆடம்ஸுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பெரிய ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆனால் குறைந்த சம்பளத்துக்காவது அவரை நிறுத்திவைக்க இன்னும் முயன்றிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆடம்ஸே முதல் இரண்டு ஆண்டுகள் பந்துகளைத் தவறவிட்டு ரசிகர்களின் வாயில் விழுந்தவர். அந்த நாட்களில் அணியில் அவருக்கு மூத்தவராக நெல்சன் இருந்தார். பக்கத்தில் இருக்கும் மூத்தவருக்கு உச்சவரம்புக் கணக்கில் எந்தக் கட்டத்தில் விலை போடுவது?

2022 மார்ச்சில் ஆடம்ஸும் போனார். அதற்கு முந்தைய பருவத்தில்தான் 123 பந்துகள், 1,553 கெஜம் என்று நெல்சனின் சாதனையையும் தாண்டியிருந்தார். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியிடமிருந்து அவருக்கு ஈடாக முதல் சுற்று, இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் கிடைத்தன. அந்த இரண்டாம் சுற்று வாய்ப்போடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்து, முன்னேறி வாங்கிய இடத்தில் கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார்கள். லேம்போவின் காலத்தில் ஹட்சனை விற்பது என்ற பேச்சே கேட்பவருக்குப் புரிந்திருக்காது. இப்போது நட்சத்திர ரிசீவர்கள் உச்சத்தில் இருக்கும்போதே கைமாறுகிறார்கள்.

குவார்ட்டர்பேக்கின் குரலும் இதில் உண்டு. 2020 செப்டம்பரில், ஏரன் ராஜர்ஸ் வெளிப்படையாகப் பாராட்டிச் சில நாட்களே ஆன ஜேக் கூமரோவை அணி கழித்தது. மறு ஆண்டு முகாம் தொடக்கத்தில் ராஜர்ஸ், சரியான மரியாதையில்லாமல் விடப்பட்ட மூத்தவர்கள் என்று வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். நெல்சன் பெயரும் அதில் இருந்தது. அதே வாரம் அவருடைய பழைய தோழர் ரேண்டல் காப் ஹூஸ்டனிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டார். பந்தை எறிபவர் யாரை நம்பி எறிகிறார் என்பது ஆட்டத்தின் உயிர். அதைக் கேட்பது பலவீனமில்லை.

பார்க்கும் விதமும் மாறிவிட்டது. லொம்பார்டி படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். இன்று வீரரின் தோள்கவசத்துக்குள் சில்லு இருக்கிறது. எவ்வளவு வேகம், திரும்பும்போது எவ்வளவு குறைந்தது, பந்து வந்த நொடியில் தடுப்பவருக்கும் அவருக்கும் இடையே எத்தனை கெஜம் என்பதெல்லாம் அன்றிரவே திரையில் வந்துவிடும். இதை நான் வரவேற்கிறேன். சிறிய கல்லூரிக்காரர், பெயரில்லாதவர் என்று ஒருவரைத் தள்ளிவைப்பது இனி கொஞ்சம் கடினம். குறைந்துபோனது வேறொன்று: நேரம். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு பயிற்சி கிடையாது. உடம்புக்கு நல்லது, சந்தேகமில்லை. 2021இல் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களும் நான்கிலிருந்து மூன்றாயின. ஐந்தாம், ஆறாம் ஆளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள இருப்பது அவ்வளவுதான்.

அந்த நெருக்கடியைச் சற்றே தணிப்பது பிராக்டீஸ் ஸ்குவாட். பட்டியலில் இடம் கிடைக்காத 16 பேரை அணி சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கழிக்கப்பட்ட இளைஞரை முதலில் மற்ற அணிகள் கேட்டு வாங்க 24 மணி நேரம் உண்டு. அந்த ஒரு நாள் அணிக்கும் திக்திக்கென்றுதான் இருக்கும். ஆலன் லசார்டை யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. 2019இல் அவரைக் கழித்தார்கள், பிராக்டீஸ் ஸ்குவாடில் சேர்த்தார்கள், விரைவிலேயே மேலே அழைத்தார்கள். அந்த அக்டோபரில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆட்டத்தில் பின்தங்கியிருந்தபோது அவரை உள்ளே விடும்படி ராஜர்ஸ் கேட்டார். லசார்ட் 35 கெஜ டச் டவுன் பிடித்தார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. பந்து தன்னிடம் வராத ஆட்டத்திலும் முன்னால் நின்று தடுத்து மற்றவருக்கு வழி விட்டதுதான் அவரைப் பல ஆண்டுகள் அணியில் வைத்தது. ஆறாவது இடத்துக்கான தேர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: கிக்காஃபில் ஓடுவானா, பன்ட்டைத் திருப்பிக் கொண்டுவருவானா, அடித்துத் தடுப்பானா? 2025இல் போ மெல்டன் என்ற ரிசீவரைத் தற்காப்பில் கார்னர்பேக்காகவும் பயிற்றுவித்துப் பார்த்தார்கள்.

2023இல் ராஜர்ஸும் போய், அவர் இடத்துக்கு ஜோர்டன் லவ் வந்தபோது பேக்கர்ஸ் வைத்துக்கொண்ட ரிசீவர்கள் ஆறு பேர்: வாட்சன், ரோமியோ டப்ஸ், ஜெய்டன் ரீட், டொன்டேவியன் விக்ஸ், சமோரி டூரே, மாலிக் ஹீத். ஒருவர்கூட மூன்றாம் ஆண்டைத் தொடவில்லை. மூத்தவர் ஒருவரும் இல்லாத அறை எப்படித் தேறும் என்று நான் கவலைப்பட்டேன். யாரும் ஆயிரம் கெஜத்தைத் தொடவில்லை. ஆனால் பந்தை எல்லாரும் பகிர்ந்து பிடித்தார்கள். 2024 ஜனவரியில் டாலஸ் மைதானத்திலேயே கௌபாய்ஸை 48-32 என்று வீழ்த்தினார்கள்.

ஆனாலும் டிரைவருக்குக் கிடைத்த மூன்று ஆண்டுகள் இன்றைய இளைஞருக்குக் கிடைப்பது அரிது. டிராஃப்டில் வந்தவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். மூன்று ஆண்டு பொறுத்து, நான்காம் ஆண்டு ஒருவர் கனிந்தால், பழத்தைப் பறிப்பது வேறு அணியாக இருக்கலாம். 2025 டிராஃப்டைக் கிரீன் பேயிலேயே நடத்தினார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் மேத்யூ கோல்டனை எடுத்தார்கள். முதல் சுற்றில் அணி ஒரு ரிசீவரை எடுத்தது 2002க்குப் பிறகு அதுவே முதல்முறை. மேலே ஒரு புதியவர் வந்ததும் கீழே இருந்த எல்லாருடைய கணக்கும் நெருங்கியது. 2022இல் வந்த வாட்சனுக்கும் டப்ஸுக்கும் அது ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு.

வாட்சன் தன் முதல் பருவத்தின் முதல் ஆட்டத்தில், அணியின் முதல் எறிதலிலேயே, கைக்கு வந்த டச் டவுனை நழுவவிட்டவர். அந்த நவம்பரில் டாலஸுக்கு எதிராக மூன்று டச் டவுன்கள் எடுத்தார். அதன்பின் தொடைத்தசைக் காயங்கள், 2025 ஜனவரியில் முட்டித் தசைநார் அறுந்தது. அந்தச் செப்டம்பரில், அவர் இன்னும் களத்துக்குத் திரும்பாதபோதே, அணி அவருக்கு ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்தது. சில்லுகள் சொல்ல அப்போது அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவரை அருகிலிருந்து பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.