அரைமண்டியும் முழங்காலும்

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டில் ஒரு மீனவக் குப்பம். அங்கே வெறுங்காலுடன் மணலில் ஓடி வளர்ந்த சிறுமி ஒருத்தி, பள்ளி ஆண்டு விழாவுக்காகச் சிமிட்டித் தரையில் பரத நாட்டியம் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் முழங்கால் வலிக்கிறது. வீட்டார் சுளுக்கு என்றெண்ணித் தைலம் தடவுகின்றனர். அவளோ, விழாவிலிருந்து நீக்கிவிடுவார்களே என்றஞ்சி, வலியை மறைத்து ஆடுகிறாள். மாணவ நண்பர்களே, நாட்டியத்தில் நேரும் துன்பங்களுள் பெரும்பாலானவை இவ்வாறே தொடங்குகின்றன. தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்வோர் சிலரே. சிறு அதிர்ச்சிகள் நாள்தோறும் சேர்ந்து நோயாக முதிர்வதே மிகுதி.

மணலில் கால் பதிந்தால் மணல் சற்றே அமிழ்ந்து விசையை வாங்கிக்கொள்கிறது. சிமிட்டித் தரை இடங்கொடாது. அதிர்ச்சியைக் குதிகாலும் முன்காலெலும்பும் முழங்காலுமே தாங்க வேண்டும். தட்டடவையே பாருங்கள். முதற்காலத்தில் ஓர் அட்சரத்திற்கு ஒரு தட்டு எனில், மூன்றாங்காலத்தில் நான்கு. எட்டு அட்சரத்திற்குள் 32 தட்டுகள். பத்து முறை ஆடினால் 320! சலங்கையின் பாரம் வேறு. மேலைநாட்டுப் பாலே நடனத்தார் மரப்பலகைக்கு அடியில் நெகிழும் அடுக்கு அமைத்து ஆடுவது இதனாலேயே. அப்படியாயின் மணலிலேயே பழகலாமே என்பீர்கள். ஆகாது. உலர்ந்த மணலில் பாதம் நிலைகொள்ளாமல் கணுக்கால் பிசகும். மரத்தளம் நன்று, அது கிட்டாவிடின் கெட்டித்த மண் தரை. சிமிட்டியின்மேல் பாய் விரித்தால் போதுமென்று எண்ணற்க. வழுக்கும் பாய் கணுக்காலுக்கு எமன்.

தரையைவிடப் பெரிய காரணம் அரைமண்டி. பாதங்கள் இருபுறமும் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். அம்மூட்டின் அமைப்போ பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுவது. இடுப்பு திரும்பாதவள் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், இடையிலுள்ள முழங்கால் முறுக்குண்கிறது. உள்ளங்கால் வளைவும் தாழ்கிறது. உடலை நிமிர்த்த முயல்கையில் கீழ்முதுகு உள்வளைந்து வலிக்கிறது. இதைக் கண்டறியக் கருவி வேண்டா. அரைமண்டியில் நின்று குனிந்து பாருங்கள். முழங்கால் கால்விரல்களுக்கு நேராக நோக்குகிறதா? முன்புறம் சாய்ந்திருந்தால் பாதங்களின் விரிவைக் குறைத்துக்கொள்வதே முறை. அழகு சற்றுக் குறையுமே என்று கவலுறும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1936-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரத்தில் நாட்டியப் பட்டயப் படிப்பு நான்கு ஆண்டுகள் நடைபெறுகிறது. ஆண்டு விழாவுக்கோ நாம் தருவது மூன்று வாரம்! தசையும் எலும்பும் பளுவுக்குப் பழகக் காலம் வேண்டும். ஆதலின் ஆட்ட நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. தொடங்குமுன் நடந்தும் கைகால்களை மெல்ல அசைத்தும் உடலைச் சூடேற்றுக.

கணுக்கால் பிசகினால் உடனே ஓய்வு. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம். காலை உயர்த்தி வைத்தல். முதல் இரண்டு நாள் உருவித் தேய்த்தலும் சூடும் வேண்டா. கால் ஊன்ற முடியாவிடினும், எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலும் மருத்துவரிடம் செல்க. எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும்.

ஓய்வென்றால் வகுப்பை விட்டு விலகுதல் அன்று. அந்தக் குப்பத்துச் சிறுமி முழங்கால் தேறும்வரை சுவரோரம் அமர்ந்து முத்திரைகளையும் கண்ணசைவையும் பழகலாம். தோழியருக்குத் தாளம் போடலாம். அவள் இடம் அவளுக்கே உண்டு என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டால், அவள் வலியை மறைக்கமாட்டாள்.