முழங்காலும் நாணயமும்

இராஜபாளையத்தில் நூலாலைகளின் இரவு வேலை முடியும் தருணமும், அமெரிக்காவில் கூடைப்பந்துப் பந்தயம் தொடங்கும் தருணமும் ஒன்றையொன்று அடுத்து வருவன. கோடைகாலத்தில் அந்நாட்டின் கீழ்க்கரையில் இரவு மணி எட்டாகும்போது நமக்கு விடியற்காலை ஐந்தரை. 2025-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி திங்கட்கிழமை காலையில், ஒரு தேநீர்க் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நிற்கக் கண்டோம். ஏதோ தேர்தல் முடிவு போலும் என்றெண்ணி அருகே சென்றோம். தேர்தலன்று. ஓக்லஹோமா கோஷ்டியும் இந்தியானா கோஷ்டியும் அவ்வாண்டின் முடிவான ஏழாவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. முதற் பகுதியிலேயே இந்தியானாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன், எவரும் தள்ளாமல், எவரும் இடிக்காமல், தாமே விழுந்து கையால் தரையை அறைந்தார். வலது குதிகாலின் தசைநார் அறுந்துவிட்டது. கடையில் ஒரு நொடி பேச்சில்லை. பிறகு மூண்ட வாதம் அன்றோடு முடியவுமில்லை, இராஜபாளையத்தோடு நிற்கவுமில்லை. அது பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பென்னிங்டன் நூல்நிலையத்து வாயிலில் பல நாள் நடந்ததை நாம் அறிவோம்.

தேச காரியங்களில் ஈடுபட்ட நமது நேயர்களிற் சிலர், கடல் கடந்த நாட்டில் உயரமான மனிதர் சிலர் வளையத்திற் பந்து போடும் விஷயத்துக்கு இந்தப் பக்கத்தில் இடமேன் என்று முகஞ் சுளிக்கக் கூடும். அவர்கள் ஒரு நாள் மாலை அந்த வாயிலில் நின்று கேட்கட்டும். நமது பொதுக்கூட்டங்கள் பலவற்றில் காணாத ஒரு குணம் அங்கே உண்டு. எதிர்க் கக்ஷிக்காரன் ஓர் ஆண்டைச் சொன்னால் இவன் ஓர் எண்ணைச் சொல்லுகிறான். எண் தவறானால் உடனே பிடிபடுகிறான். பிடிபட்டவன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளுகிறான். இது நிற்க.

வாதம் மூன்று தலைப்பில் நடக்கிறது. முதலாவது, ஆடும் முறை. 1891-ம் ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் ஸ்பிரிங்பீல்டில் பழக்கூடையை மாட்டி இதைத் தொடங்கியபோது, எங்கிருந்து போட்டாலும் கூடையில் விழுந்த பந்துக்கு மதிப்பு ஒன்றே. 1979-ல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம், தூரத்தில் ஒரு கோடு வரைந்து, அதற்கப்பாலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்று விதித்தது. முதலாண்டில் ஒரு கோஷ்டி ஓர் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று முறைகூட அதை முயலவில்லை. 2024-25-ல் அந்தச் சராசரி 37-ஐத் தாண்டிவிட்டது. “இது ஆட்டமா, கல்லெறியா?” என்பது முதியோர் கக்ஷி. வளையத்தடியில் தோளோடு தோள் முட்டி, முதுகைக் கொடுத்துத் திரும்பிப் போடும் அழகு போயிற்றென்று அவர்கள் வருந்துகிறார்கள். இளைஞர் கக்ஷியோ பள்ளிக்கூடக் கணக்கைக் காட்டுகிறது: நூறு முறை கிட்டத்தில் போட்டு ஐம்பது விழுந்தால் நூறு புள்ளி, நூறு முறை தூரத்தில் போட்டு முப்பத்தாறே விழுந்தாலும் நூற்றெட்டு.

கணக்கு சரியே. ஆனால் சராசரி என்பது ஓராண்டுக்கு உண்மை. ஓரிரவுக்கு உண்மையாக வேண்டுமென்பதில்லை. 2018 மே மாதத்தில் ஹூஸ்டன் கோஷ்டி, இறுதிப் பந்தயத்துக்குச் செல்லும் ஏழாவது ஆட்டத்தில், தூரத்திலிருந்து தொடர்ந்து 27 முறை போட்டு இருபத்தேழும் தவறியது. இதை முதியோர் கக்ஷியினர் தினந்தோறும் நினைவூட்டத் தவறுவதில்லை. நமது அபிப்பிராயத்தில், ஆட்டக்காரனை நொந்து பயனில்லை. விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதையே அவன் செய்வான். 1950-ல் ஒரு தொழில்முறை ஆட்டம் 19-க்கு 18 என்று முடிந்தது. ஒரு கோஷ்டி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொழுது போக்கியதே காரணம். அதை மாற்றியது உபதேசமன்று. நாலாண்டு கழித்து வந்த 24 விநாடிக் கெடுவே மாற்றியது.

இரண்டாவது தலைப்பு காயம். இங்கேதான் குரல் உயருகிறது.

ஹாலிபர்ட்டனுக்கு ஐந்தாவது ஆட்டத்திலேயே கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஆறாவது ஆட்டத்தை ஆடினார். ஏழாவதில் மூன்று முறை தூரத்திலிருந்து பந்தை விழவைத்த பிறகு குதிகால் அறுந்தது. அடுத்த ஆண்டு ஆட்டம் முழுவதும் அவருக்கு இல்லையென்றாயிற்று. “வீரன்டா அவன்” என்றார் ஆலைத் தொழிலாளி ஒருவர். “வீரன்தான் அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா அவனை ஆடவிட்டவன் யாரு?” என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை இரண்டூரிலும் ஒருமுகமான விடை கிடைக்கவில்லை.

வலியோடு ஆடுபவனே வீரன் என்ற எண்ணத்துக்கு ஒரு புராணம் உண்டு. 1970 மே 8-ந் தேதி நியூயார்க்குக் கோஷ்டியின் வில்லிஸ் ரீட், தொடைத் தசை கிழிந்த நிலையில் நொண்டிக்கொண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து முதலிரண்டு கூடைகளைப் போட்டார். சபை ஆர்ப்பரித்தது, கோஷ்டி வென்றது, அன்று முதல் இன்றுவரை அதுவே உதாரணம். அன்றைக்கு ரீட் எடுத்தது அந்த நாலு புள்ளியே என்பதும், 36 புள்ளி எடுத்து, 19 முறை பிறர் போடப் பந்து கொடுத்து வெற்றியைக் கொணர்ந்தவர் வால்ட் பிரேசியர் என்பதும் அநேகருக்கு மறந்துபோயிற்று. சரித்திரத்தில் நொண்டி வந்தவருக்கு மாலை, உழைத்தவருக்கு அடிக்குறிப்பு! அரசியலிலும் இந்த வழக்கம் இல்லாமலில்லை.

2019 ஜூன் 10-ந் தேதி நடந்தது இதன் மறுபுறம். கெவின் டுராண்ட் கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் ஒதுங்கியிருந்தார். அவர் ஏன் வரவில்லை, பயமா, மனமில்லையா என்ற முணுமுணுப்பு நாள்தோறும் வளர்ந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார், பன்னிரண்டு நிமிஷத்தில் பதினொரு புள்ளி எடுத்தார், குதிகால் அறுந்தது, அடுத்த ஆண்டு முழுவதும் ஆட்டமில்லை. அவர் விழுந்தபோது டொரண்டோ நகரத்துச் சபையில் ஒரு பகுதியினர் கைதட்டினர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவருடைய கோஷ்டியின் நிர்வாகத் தலைவர் கண்ணீரோடு, பழி சொல்லவேண்டுமாயின் தம்மையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். முணுமுணுத்த லக்ஷக்கணக்கானவரில் ஒருவரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதற்கெதிராக, காயமில்லாதபோதே ஓய்வெடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. ஓராண்டுக்கு 82 ஆட்டம்; முக்கியமான ஆட்டங்களுக்காக உடலைச் சேமித்துக்கொள்ளுகிறார்கள். சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு வந்தவன் தன் வீரனைக் காணாமல் திரும்புகிறான். 2012-ல் சான் அன்டோனியோ கோஷ்டி தன் முதன்மை ஆட்டக்காரரை ஊருக்கனுப்பிவிட்டு ஆடியதற்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2023-24 முதல், 65 ஆட்டமாவது ஆடாதவனுக்குப் பெரிய விருதுகள் இல்லையென்ற விதியும் வந்தது. சீட்டு வாங்கியவனுடைய குறை நியாயமானதே. ஆனால் அவன் வாங்கியது ஓர் இருக்கையை. ஒருவனுடைய குதிகாலை அல்ல.

இனி நம்மூருக்கு வருவோம். நமது மாகாணத்துப் பையனுக்குக் கூடைப்பந்து என்பது பெரும்பாலும் சிமென்டுத் தரை. பலகைத் தளம் பாதத்தை ஓரளவு தாங்கும், சிமென்டு தாங்காது. ஆயிரந்தடவை எம்பிக் குதிப்பவனுடைய முழங்காலுக்கு அது தெரியும். இங்கே தொழில்முறை ஆட்டமென்று நிலையாக ஒன்று வேரூன்றவில்லை. உண்மையான ஊதியம் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு, ரெயில்வே, ரெயில்பெட்டித் தொழிற்சாலை, வருமான வரி இலாகா போன்றவை விளையாட்டுக்காரருக்கென்று கொடுக்கும் உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்கு வழி, கோடைகாலத்தில் ஊரூராய் நடக்கும் பந்தயங்களிலும் மாகாணக் கோஷ்டியிலும் கண்ணிற் படுவது. ஆகவே பத்தொன்பது வயதுப் பையனுக்கு முழங்கால் என்பது அவன் குடும்பத்தின் காணி நிலம். அதில் ஜவ்வு கிழிந்தால் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். ஆறுமாதத்துக்கு மேல், சில சமயம் ஓராண்டு, பொறுமை வேண்டும். அதற்குள் வயது வரம்பும் தாண்டிப் போகலாம். அப்படிப்பட்டவனைப் பார்த்து, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “பயந்தாங்கொள்ளி” என்று சொல்லுவது எளிது. நாமும் இளமையிற் சொல்லியிருக்கிறோம், இப்போது வெட்கப்படுகிறோம்.

மூன்றாவது தலைப்பு நாணயம். இதைக் காயத்தோடு சேர்த்தே பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிஸ்தலம், விளையாட்டின் மீது பணம் கட்டுவதை மாகாணங்கள் அனுமதிக்கலாகாதென்று தடுத்த 1992-ம் வருஷத்துச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. அதன் பின் சூதுக் கம்பெனிகள் சட்டபூர்வமாகவே பெருகின. வெற்றி தோல்வியின் மீது மட்டுமன்று, இன்ன ஆட்டக்காரர் இன்றைக்கு எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன் மீதும் பணம் கட்டலாயிற்று. இதிலுள்ள அபாயத்தைக் காண்க. ஒரு கோஷ்டியைத் தோற்கடிக்கப் பலர் சேரவேண்டும். ஒருவன் குறைவாக ஆட அவன் ஒருவனே போதும். “வயிறு சரியில்லை” என்று வெளியேறினால் முடிந்தது.

நடந்ததும் அதுவே. டொரண்டோக் கோஷ்டியின் ஜான்டே போர்ட்டர் 2024 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் கண் காயமென்று சில நிமிஷத்தில் வெளியேறினார். மார்ச் 20-ந் தேதி உடம்பு சரியில்லையென்று மூன்று நிமிஷத்துக்குள் வெளியேறினார். அவர் குறைவாகவே எடுப்பார் என்று ஒருவன் 80,000 டாலர் கட்டியிருந்தான். பலித்திருந்தால் பதினோரு லக்ஷம் டாலர். சூதுக் கம்பெனியே சந்தேகித்துப் பணத்தை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 17-ந் தேதி சங்கம் அவரை ஆயுட்காலத்துக்கும் விலக்கியது. ஜூலையில் நீதிஸ்தலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 அக்டோபரில் மேலும் முப்பதுக்கு மேற்பட்டோர் மீது சூது வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றிலும் கால் வலியென்று வெளியேறியதாக ஓர் ஆட்டக்காரர் மீது குற்றச்சாட்டு உண்டு. அவர் அதை மறுத்திருக்கிறார். முன்பு 2007-ல் பிடிபட்ட டிம் டொனகி என்ற மத்தியஸ்தரே சூதாடிகளுக்குச் செய்தி கொடுத்துப் பதினைந்து மாதச் சிறை பெற்றார்.

காயம் கள்ள நாணயமாக அச்சடிக்கப்பட்டால் நஷ்டப்படுபவன் யார்? மெய்யாகக் காயப்பட்டவனே. ஹாலிபர்ட்டன் விழுந்தபோது கூட, அந்தக் கூட்டத்தில் ஒருவன், “எவ்வளவு வாங்கினானோ!” என்றான். மற்றவர்கள் அவனை அதட்டினார்கள். ஆனால் அந்தச் சொல் ஒருவன் வாயில் வந்துவிட்டது.

இது அந்நியர் வியாதியென்று நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 2015-ல் சென்னைக் கிரிக்கெட் கோஷ்டி இரண்டாண்டு விலக்கப்பட்டது சூது விவகாரத்தினாலேயே. நமது மாகாணம் 2022-லும், மத்திய சர்க்கார் 2025 ஆகஸ்டிலும் கைப்பேசிச் சூதைத் தடுக்கச் சட்டம் செய்தன. சட்டம் நல்லதே. ஆயினும் அந்தக் கைப்பேசியில் அயல்நாட்டு ஆட்டத்துக்குப் பணம் கட்ட ரகசிய வழி காட்டும் செய்திகள் வந்தவண்ணம் இருப்பதை இராஜபாளையத்து இளைஞர்களே நமக்குக் காட்டினார்கள்.

ஊக்க மருந்தும் இதே கணக்கில் சேர்ந்ததே. பஞ்சாபில் பல்லோகே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் உயரமுள்ளவர், 2015-ல் டல்லஸ் கோஷ்டியால் தேர்ந்தெடுக்கப்பட்டபோது தேசமே மகிழ்ந்தது. முதன்மைச் சங்கத்தில் ஓர் ஆட்டமும் ஆட வாய்ப்பில்லாமலே திரும்பினார். பின்னர் மருந்துப் பரிசோதனையில் தவறி இரண்டாண்டு விலக்கப்பட்டார். அவரைத் தூற்றினவர் பலர். எந்தப் பொட்டலத்தில் எந்த மருந்து கலந்திருக்கிறதென்று நமது ஆட்டக்காரனுக்குச் சொல்ல ஒரு வைத்தியரை எந்தச் சங்கம் நியமித்திருக்கிறது என்று கேட்டவர் சிலரே. அதே 2015-ல் நமது தேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் இரு கக்ஷியாகப் பிளந்து, யார் தலைவரென்று வழக்காடிக்கொண்டிருந்ததையும் நேயர்கள் நினைவுகூரலாம்.

சென்னைப் பெண்மணி அனிதா பால்துரை பல்லாண்டு இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைமை வகித்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். தேநீர்க் கடை வாதத்தில் அவர் பெயரைச் சொன்னவர் ஒருவருமில்லை. இதை நாம் சுட்டியபோது சற்று வெட்கத்தோடு, “அவங்க ஆட்டத்தை எங்க சார் காட்டுறாங்க?” என்றார்கள். பதில் நியாயமே.

பந்தயம் நடத்தும் கமிட்டியார் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. மாலைக்கும் மேடைக்கும் அச்சுக்கூலிக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஆட்டக்காரர் இன்ஷியூரன்ஸுக்கு ஒதுக்கலாம். காயம்பட்டவன் ஆடலாமா என்பதை வைத்தியர் எழுத்து மூலம் தீர்மானிக்க வேண்டும். பயிற்சியாளரோ நன்கொடையாளரோ அல்ல. அந்தத் தீர்மானத்தை ஆட்டத்துக்கு முன்பே எல்லோரும் அறிய ஒட்டிவிட்டால் வதந்திக்கும் வேலையில்லை, ரகசியம் விற்பவனுக்கும் சரக்கில்லை.

சென்ற கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறு பந்தயம் பார்க்கப் போயிருந்தோம். உள்ளூர்க் கோஷ்டியின் நெட்டைப் பையன் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். “நிக்கிறேன் சார், ஒரு பத்து நிமிஷம்” என்று கெஞ்சினான். சுற்றியிருந்தவர்களும் விடும்படி சொன்னார்கள். ஒரு பிரமுகர் எழுந்தே வந்துவிட்டார். தேகப்பயிற்சி ஆசிரியர், “டாக்டர் சீட்டு இல்லாம உன் பேரை எழுத மாட்டேன், தம்பி” என்று சொல்லி, புள்ளிக் குறிப்பேட்டை அவன் கையிற் கொடுத்து மேஜையருகே உட்காரவைத்தார். கோஷ்டி நாலு புள்ளியில் தோற்றது. ஆசிரியரைக் குறைகூறிக்கொண்டே ஜனங்கள் கலைந்தார்கள்.